ஒரு மாதப் பூச்சியத்துக்காக

வண்டியில் சார்ஜ் இருந்தது. அரைவாசிக்கு மேலேயே இருந்தது. இல்லை என்று என் மனைவியிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் அவள் தன் அண்ணனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போனது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் வெறும் விளக்கம். கேட்டுவிட்டு, "சீ, இதற்காகவா!" என்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். காரணம் அவ்வளவு அற்பமானது... ஒரு மாதத்துக் கரண்ட் பில்!

நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் இருக்கிறோம். நானும் தெய்வானையும் மட்டும்தான், பிள்ளைகள் இல்லை. கண்டியில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெற்றோல் வரிசையில் நின்று நின்று முதுகு ஒடிந்துபோன நாட்களில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கூரையில் சோலார் போடுவது, பழைய காரை விற்றுவிட்டு மின்சாரத்தில் ஓடும் கார் ஒன்று வாங்குவது. பகலில் கூரை தரும் கரண்ட் மீட்டர் வழியாக வெளியே போகும். இரவில் நமக்கு வேண்டியது உள்ளே வரும். மாதக் கடைசியில் இரண்டையும் கழித்துப் பார்ப்பார்கள். கொடுத்தது கூடவாக இருந்தால் நாம் பாவித்ததற்குப் பூச்சியம். பெற்றோல் செலவும் இல்லை, கரண்ட் செலவும் இல்லை! கையிலிருந்ததையும் வங்கிக் கடனையும் சேர்த்து இரண்டையும் செய்து முடித்தேன்.

நல்ல காரியம்தான். இன்று யாராவது கேட்டாலும் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். பிழை கூரையில் இல்லை, என்னிடத்தில்.

முதல் பூச்சியம் வந்தபோது அந்தப் பில்லை என் பழைய அலுவலகத்துக்கே கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினேன். தேநீரும் வாங்கிக் கொடுத்தேன் என்றால் பாருங்களேன்! முப்பது வருட உத்தியோகத்தில் நான் ஒருவருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தவனல்ல. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் பூச்சியம் வந்தேயாக வேண்டும் என்ற வெறி பிடித்தது. சோறாக்குவது பகலில், துணி தோய்ப்பது பகலில், அயர்ன் பண்ணுவது உச்சி வெயிலில். "இந்த வீட்டுல தும்மறதுன்னாலும் வெயிலப் பார்த்துத்தான் தும்மணும்" என்று தெய்வானை சிரிப்பாள். அப்போதெல்லாம் சிரித்தாள்.

அவளுடைய அண்ணன் ராமையா கண்டிக்கு மேலே ஹந்தானை மலையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் இருந்தார். பிறந்த வீடு என்று அவளுக்கு மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். எங்கள் காரில் முதன்முதலாக ஏறியபோது, "சத்தமே இல்லாமப் போவுதே மாப்ள! களவெடுக்கப் போறதுக்கு ஏத்த வண்டி!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சொல்கிறேன், எங்கள் வீட்டு வாசலில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்த மனிதர் அவர் மட்டும்தான். மற்றவர்கள் என்னிடம் ஏதாவது விசாரிக்க இருந்தால்தான் வருவார்கள்.

அவர் இறந்தது அடைமழைக் காலத்தில்.

அந்த மாதம் கூரை எதையும் ஒழுங்காகத் தரவில்லை. வானம் விடிந்தது முதல் இருண்டே கிடந்தது. கொடுத்ததும் எடுத்ததும் மயிரிழையில் நின்றன. மீட்டர் பார்க்கிறவர் வர இன்னும் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் வண்டியை எடுக்காமல், சார்ஜ் போடாமல் கடத்திவிட்டால் அந்த மாதமும் பூச்சியம்தான். நான் இந்தக் கணக்கில் இருந்த காலையில்தான் ஹந்தானையிலிருந்து தொலைபேசி வந்தது. ராத்திரி தூக்கத்திலேயே உயிர் போய்விட்டதாம். மூன்று மணிக்கு எடுப்பார்களாம்.

தெய்வானை தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "வண்டிய எடுங்க" என்றாள்.

என் மனதில் அப்போது என்ன ஓடியது தெரியுமா? சாவு வீட்டில் ஒரு கார் நின்றால் சும்மா விடுவார்களா? பூ வாங்க, சாமான் வாங்க, ஆட்களை ஏற்றி இறக்க என்று டவுனுக்கும் மலைக்குமாக அலைய வைப்பார்கள். ராத்திரி வந்து சார்ஜ் போட்டேயாக வேண்டும். பூச்சியம் போய்விடும்! மச்சான் செத்துக் கிடக்கிறார், நான் இதை நினைத்தேன். எடுக்கிற நேரத்துக்குச் சரியாகப் போய் இறங்கினால் யாரும் வண்டியைக் கேட்க மாட்டார்கள் என்றும் நினைத்தேன்.

"சார்ஜ் இல்ல தெய்வான. ராத்திரி போட மறந்துட்டேன். மலையில பாதியில நின்னுரும். நீ பஸ்ல முன்னுக்குப் போ. நான் கொஞ்சம் ஏத்திக்கிட்டு பின்னாலயே வந்துர்றேன்."

அவள் வண்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். ஒரு ஓட்டோ பிடித்துக்கொண்டு போ என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை... குடையை விரித்துக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டிப் போனதை நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு தேநீர் போட்டுக் குடித்தேன். ஆமாம், குடித்தேன்!

உச்சிப்பொழுது ஆகுமுன்பே தொலைபேசி அடித்தது.

"எடுத்துட்டாங்க... நான் போறதுக்குள்ள எடுத்துட்டாங்க. மூஞ்சியப் பார்க்கலங்க. எங்கண்ணன் மூஞ்சிய நான் பார்க்கலங்க!"

நடந்தது இதுதான். மயானத்துக்குப் போகும் பாதை மழையில் சரியத் தொடங்கியிருந்தது. மழை கொஞ்சம் விட்டதும், இப்போதே எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஒரே தங்கச்சி, அவள் வந்து வாய்க்கரிசி போடட்டும் என்று காத்தும் பார்த்தார்களாம். அவளோ கண்டியில் இறங்கி, ஹந்தானை பஸ் வருமென்று மழையில் நின்றுகொண்டிருந்தாள். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. எடுத்துவிட்டார்கள். எங்கள் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. வீட்டில் பார்ப்பதுதான் கடைசி. அவள் போய் இறங்கியபோது லயத்து வாசலில் பூவும் பொரியும் மட்டும் சேற்றில் கிடந்தனவாம்.

நான் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். எவ்வளவு நேரம் எடுத்தது என்கிறீர்கள்? ஒன்றுமேயில்லை. அவ்வளவு பக்கம்.

அங்கே ராமையாவுக்குத் தூரத்துச் சித்தப்பா முறையான ஒருவர் எல்லோருக்கும் முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டார். "வீட்டுல காரு நிக்குது, பொண்டாட்டிய பஸ்ல அனுப்புனீங்களா தம்பி?"

நான் வாயைத் திறக்குமுன்பே தெய்வானை சொன்னாள். "அவர ஒண்ணும் சொல்லாதீங்க சித்தப்பா. அது வெயில்ல ஓடுற வண்டி. மழையில அவரு என்ன பண்ணுவாரு?"

அழுது வீங்கிய முகத்தோடு எனக்காகப் பேசினாள். எனக்காக!

அந்த மாதமும் பூச்சியம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் காட்டவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம் அல்லவா? மறுநாள் சொல்லியிருக்கலாம், காரியம் முடிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவள் ஏசுவாள் என்றா? ஏசினால் நிம்மதியாக இருக்கும். அவள் என்னைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம்தான். அவள் போனால் எனக்கு யார் இருக்கிறார்கள்? ஒருவருமில்லை. நான் சேர்த்து வைத்தது பணத்தை மட்டும்தான்.

ஆனால் சொல்லாமலிருந்தும் என்ன கண்டேன்... அவள் வீட்டில் இருக்கிறாள், என்னோடு இல்லை. முன்போலக் கேலி பேசுவதில்லை. அண்ணியைப் பார்க்க ஹந்தானைக்குப் போவதென்றால் விடியவே கிளம்பி பஸ்ஸில் போகிறாள். நான் கூட்டிப்போகிறேன் என்றால், "வேணாங்க, சார்ஜ் கிடக்கட்டும். ஒரு அவசரத்துக்கு வேணும்ல" என்கிறாள். குத்திப் பேசுகிறாளோ என்று அவள் முகத்தை எத்தனையோ தடவை உற்றுப் பார்த்துவிட்டேன். இல்லை! உண்மையாகவே சொல்கிறாள். அவள் போன பிறகு நான் கதிரையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெளியே கார் முழுச் சார்ஜோடு நிற்கும். 

போன மாதம் ராமையாவின் வருஷத் திதி வந்தது. ஒரு கிழமைக்கு முன்பே தெய்வானை என்னிடம் வந்து நின்றாள். ஏதோ அலுவலகத்தில் பெரிய உத்தியோகத்தரிடம் கேட்பதுபோலத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அடுத்த கிழமை திதிங்க. சாமானெல்லாம் இருக்கு, பஸ்ல தூக்க ஏலாது. இப்பவே சார்ஜ் போட்டு வச்சா... அதுக்குள்ள ஏறிருமா?"

"ஏறிரும்" என்றேன். வேறென்ன சொல்ல?

அடைமழைக் காலம்தான், ஆனால் அன்று நல்ல வெயில். ஹந்தானை ஏற்றத்தில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள், வண்டியின் பாரத்தைத் தானும் கொஞ்சம் சுமப்பதுபோல. லயத்து வாசலில் இறங்கியதும் முதல் வேலையாகக் கேட்டாள்.

"எவ்வளவு முடிஞ்சுதுங்க?"

எவ்வளவு என்று எனக்குத் தெரியும். கண் முன்னால் வண்டித் திரையில் அந்த எண் பெரிதாக எரிந்துகொண்டிருந்தது. முடிந்தது ஒரு சொட்டு. அதை அவளிடம் சொன்னால், அன்றைக்கும் இவ்வளவுதானா என்று கேட்பாளே! அன்றைக்கு மிச்சமிருந்த கொஞ்சச் சார்ஜிலேயே வந்து போயிருக்கலாமே என்று கணக்குப் போட்டுவிடுவாளே!

"பாதி முடிஞ்சிருச்சு" என்றேன்.

பாருங்கள், மறுபடியும்! இறந்தவரின் வாசலிலேயே நின்றுகொண்டு!

அவள் முகம் வாடிப்போனது. படையல் முடிந்து சாப்பிட்டதும் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "ஆள் பாரம் இல்லாட்டி வீடு போய்ச் சேர சார்ஜ் காணும்தானே? நீங்க வண்டிய மெதுவா கொண்டு போங்க. நான் பஸ்ல வந்துர்றேன்."

வேண்டாம், ஏறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். நான் தனியாகவே மலையிறங்கினேன்.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கேட்டுக்குள் நுழைந்தவள் முதலில் காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, எவ்வளவோ நாளைக்குப் பிறகு கொஞ்சம் சிரித்தாள்.

"வந்து சேர்ந்துட்டீங்களா... பஸ்ல வரும்போது ரோட்டோரமெல்லாம் பார்த்துக்கிட்டே வந்தேங்க, எங்கயாச்சும் நின்னுபோய் தனியா நிக்கிறீங்களோன்னு."

இல்லை, சரியாக வந்துவிட்டேன் என்றேன்.