அம்மாவின் சுடிதார்

நாற்பத்தாறு வயதில் அம்மா முதல்முறையாகச் சுடிதார் போட்டார். அவரே தைத்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு ஹட்டன் டவுனில் தையல் கடை வைப்பதுதான் அவருடைய புதுக் கனவு.

"நான் போட்டுக் காட்டுனாத்தானே தம்பி, மத்தவங்க தைக்கக் குடுப்பாங்க."

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அந்த வயதுப் பெண் சுடிதார் போட்டால் ஒரே அர்த்தம்தான்: வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிறாள். குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வாத்தியாரான எனக்கு அது உறைக்கவில்லை. "நல்லா இருக்கும்மா" என்றேன்.

பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "என்னங்க அத்தை, சவூதியா, குவைத்தா?"

"அட போடி, டவுனுக்குத்தான்."

அக்கா சிரித்தார்; நம்பவில்லை.

மறுநாள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து, தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்தார். பின்னால் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி.

"எப்பம்மா பயணம்?"

"எங்கயும் போகலீங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. காலையில பெரட்டுக்கு வந்து பேர் குடுத்து வேலைக்குப் போகாதவங்களுக்குத் தோட்டத்துக் காம்பரா எதுக்கு?"

நாங்கள் இருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம்; எங்கள் வீட்டில் தோட்ட வேலை செய்பவர் அம்மா மட்டும்தான். அவர் நின்றால் வீடும் போய்விடும். "வெளிநாடு இல்லீங்க, தையல்..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். அப்போதுதான் புரிந்தது, உண்மையைச் சொன்னாலும் வேலையை விடுவதாகத்தான் ஆகும்.

அதற்குள் அந்தப் புதுப் பெண் உள்ளே வந்துவிட்டாள். தையல் மெஷின் இருந்த மூலையைக் காட்டி, "இங்க அடுப்ப வச்சிக்கலாங்க" என்று புருஷனிடம் மெதுவாகச் சொன்னாள்.