இரண்டு பக்கத்துத் தரகு

கண்டி கட்டுக்கலையில் இருந்த எங்கள் வீட்டில் மண்டபத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே ஒரு பச்சைத் திரை தொங்கியது. வாப்பா இருந்தவரை அதை யாரும் பெரிதாக எண்ணியதில்லை. வெக்கையான நாட்களில் ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டிவிடுவோம். வாப்பா மௌத்தாகி உம்மா இத்தாவில் உட்கார்ந்த பிறகுதான் அது சுவராக மாறியது. கணவனை இழந்தவள் அந்தக் காலம் முடியும்வரை அந்நிய ஆண்கள் முன்னால் வரக்கூடாது. ஆனால் வாப்பா கடையில் வைத்துவிட்டுப் போன கடன் இத்தா முடியும்வரை காத்திருக்கவில்லை. வீட்டை விற்க வேண்டி வந்தது. திரைக்கு உள்ளே பாயில் உம்மாவும் பக்கத்தில் நானும் இருந்தோம். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. வாங்க வந்தவர் வெளி விறாந்தையில் கதிரையில் இருந்தார். அவர் பேசுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்காது, நாங்கள் பேசுவது அவருக்கும் கேட்காது. நடுவில் மண்டபத்தைக் கடந்து போவதும் வருவதுமாக இருந்தவர் ஒருவர்தான். அவர்தான் தரகர் நானா.

நானா என்றால் எங்கள் பேச்சில் மூத்த சகோதரன். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. சிவப்புத் தொப்பி, முழங்கால்வரை வரும் வெள்ளைக் கோட்டு, மழை இல்லாவிட்டாலும் கையில் ஒரு குடை. அவர் தெருவில் வந்தால் அத்தர் வாசனை அவருக்கு முன்னால் வந்துவிடும். கண்டியில் எந்த வீட்டுக் கிணறு மாசியில் வற்றும், எந்த வேலியில் அண்ணன் தம்பி வழக்கு இருக்கிறது, எந்தக் கூரைக்குள் கறையான் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. விற்றவரிடமும் தரகு வாங்குவார், வாங்கியவரிடமும் வாங்குவார். யாரும் முகம் சுளித்ததில்லை. இமாமுக்குக் கொடுப்பதைப் போல, நாவிதருக்குக் கொடுப்பதைப் போல, அவருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள்.

உம்மாவின் தம்பி, என் மாமா, கொஞ்சம் ரோசக்காரர். நம் வீட்டை நாம் விற்பதற்கு நடுவில் ஒருவன் எதற்கு என்று கேட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறவர்களிடம் தானே வாய்விட்டுச் சொன்னார். குருநாகல் பக்கத்து வியாபாரி ஒருவர் வந்து சுற்றிப் பார்த்தார், கிணற்றில் வாளியைப் போட்டு இழுத்துப் பார்த்தார், தேநீர் குடித்தார், அடுத்த வாரம் வருகிறேன் என்று சந்தோஷமாகப் போனார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பிறகு விசயம் தெரிந்தது. அந்த மனிதர் போகிற வழியில் தரகர் நானாவைக் கண்டு இந்த வீடு எப்படி என்று விசாரித்திருக்கிறார். நானா வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறார். கண்டியில் அவருக்குத் தெரியாத வீடா? தெரியாது என்றால் உள்ளே ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று அந்த மனிதர் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டு வாசலில் ஒரு காகம்கூட இறங்கவில்லை. மாமா ரோசத்தை மடித்து வைத்துவிட்டுத் தானே போய் தரகர் நானாவை அழைத்து வந்தார்.

தரகு ஏன் ஒழியவில்லை என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கும்போது எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வரும். தரகன் வீட்டை விற்றுத் தருகிறான் என்பதற்காக யாரும் அவனுக்குக் காசு கொடுப்பதில்லை. அவன் வாயைத் திறந்து நல்லது சொல்ல வேண்டுமே, சும்மா இருந்துவிடக் கூடாதே என்ற பயத்துக்குத்தான் கொடுக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. விற்கிறவனும் வாங்குகிறவனும் நேருக்கு நேர் பார்த்து விலை பேச வெட்கப்படுவார்கள். ஒருவன் தன் கஷ்டத்தை மறைக்கப் பார்ப்பான், மற்றவன் தன் ஆசையை மறைக்கப் பார்ப்பான். இரண்டையும் அறிந்த ஒருவன் நடுவில் நடந்தால் இருவருக்கும் மானம் போகாது. அந்த மானத்துக்கு விலை உண்டு.

விலை பேசிய அன்றைக்குத் தரகர் நானா எத்தனை தடவை மண்டபத்தைக் கடந்தார் என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் திரைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமுவார். கடைசியில் சொன்னார்:

"தங்கச்சி, அந்த மனிசன் மூவாயிரத்துக்கு மேல ஏறுறாரில்ல. காலமும் சரியில்ல."

உம்மா திரையைப் பார்த்தபடியே கெஞ்சினார்: "இன்னம் கொஞ்சம் கேட்டுப் பாருங்க நானா. கடன் போக குண்டசாலையில ஒரு சின்ன ஊட்டுக்குச் சரி மிஞ்சோணும்."

அவர் போனார். விறாந்தையில் ஏதோ பேச்சு நடந்தது. திரும்பி வந்து, என் சொந்தத் தங்கச்சிக்குக் கேட்ட மாதிரிக் கேட்டேன், அவ்வளவுதான் என்றார். உம்மா சம்மதித்தார். வீட்டு உறுதிப் பத்திரம் எழுதிய நொத்தாரிசு அதில் இன்னும் குறைந்த தொகையைத்தான் போட்டார். முத்திரைச் செலவு குறையட்டும் என்று எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், ஆகவே அதைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. காசு நானாவின் கையால் வந்தது. அவர் தரகைக் கழித்துக்கொண்டு மீதியைத் திரைக்கடியில் தள்ளினார். உம்மா இத்தா முடிந்ததும் முதல் வேலையாகப் பனங்கட்டியும் முட்டையும் சேர்த்து வட்டிலப்பம் செய்து அவர் வீட்டுக்கு அனுப்பினார். பனங்கட்டிக்குக்கூட யோசித்துச் செலவழித்த நாட்கள் அவை.

குண்டசாலை வீடு கிடைக்கவில்லை. கடன் தீர்ந்த பிறகு மிஞ்சியது அதற்குப் போதவில்லை. ஒரு கடைக்குப் பின்னால் இருந்த அறையில் வாடகைக்குக் குடியேறினோம். மழைக்காலத்தில் சுவர் வியர்க்கும், பாயைத் தூக்கினால் அடியில் ஈரம் இருக்கும். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் எங்கள் வீட்டை வாங்கியவரின் மனைவி உம்மாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், நாலாயிரம் கொடுத்து வாங்கிய வீட்டில் கூரை மாற்ற இவ்வளவு செலவாகிறதே என்று குறைப்பட்டார். உம்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் சுற்றியிருந்து உண்ணும் சோற்றுச் சகனில் வைத்த கை அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து படுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார்:

"நானா எண்டு கூப்பிட்டேனே, மகள்."

ஆயிரம் ரூபாயைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, சாகும்வரை பேசவில்லை. அந்த ஈர அறையில்தான் இருமி இருமிச் செத்தார். நான் தரகர் நானாவை அன்றைக்கு வெறுக்கத் தொடங்கினேன். தொழுகையில் துஆக் கேட்கும்போதும் அவர் முகம் வரும். அவர் செய்ததற்கு அல்லாஹ் கூலி கொடுப்பான் என்று மற்றவர்கள் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

வயிற்றுப்பாட்டுக்காக நான் வீடு வீடாகப் போய்ப் பெண்பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தேன். அதனால் கண்டியில் எல்லா உள்ளறைகளும் எனக்குத் திறந்திருந்தன. தேயிலையும் ரப்பரும் விலை விழுந்து ஊரே வாடிக் கிடந்த காலத்தில், ஒரு நாள் தரகர் நானாவின் மனைவி ஆளனுப்பினார். போனேன். நானா கட்டிலில் இருந்தார். ஒரு கால் வீங்கிப் போயிருந்தது, அத்தர் வாசனைக்குப் பதில் தைல வாசனை அடித்தது. தன் வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப் போகிறாராம். அந்தக் காசில் கடனைத் தீர்த்துவிட்டு மனைவியையும் கூட்டிக்கொண்டு ஹஜ்ஜுக்குப் போக வேண்டுமாம். வாங்க ஆசைப்பட்டவர் ஒரு பணக்கார விதவை, ஆண்களோடு பேசாதவர். அடுத்தவன் வீட்டுக்கெல்லாம் விலை பேசியவர் தன் வீட்டுக்கு விலை பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஒரு பெண் நடுவில் போய்வர வேண்டும். என்னிடம் உதவி கேட்டபோது அவர் முகத்தில் எந்தக் கூச்சமும் இல்லை. நான் யார் மகள் என்றே அவருக்கு நினைவில்லை என்று எண்ணினேன். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

காசு வேண்டாம், சும்மா பேசித் தருகிறேன் என்றேன். அவர் சிரித்தார்.

"ரெண்டு பக்கமும் வாங்குங்க மகள். சும்மா வாறவள ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

அந்தப் பெண்மணிக்கு வீடு பிடித்துப்போயிற்று. ஐயாயிரம்வரை கொடுக்கலாம் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். நாலாயிரத்துக்கே முடித்துத் தருகிறேன் என்று நான் சொன்னேன். கட்டிலண்டை வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பொம்புள நாலாயிரத்துக்கு மேல ஏறுறா இல்ல, காலமும் சரியில்ல என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கச் சொன்னார். நான் வெளியே போய், தெருமுனைவரை நடந்து, ஒரு பலாமரத்து நிழலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அவ்வளவுதானாம் என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிம்மதியாக நான் எந்த நிழலிலும் நின்றதில்லை. அந்த ஆயிரத்தில் ஒரு சதமும் என் கைக்கு வரவில்லை. எனக்கு வேண்டியது அது அல்ல.

உறுதி முடிந்த மறுநாள் போனேன். மனைவி அடுப்படியில் இருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அந்தப் பெண்மணி ஐயாயிரம் கொடுக்கத் தயாராக இருந்தார் என்று அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். அவர் அழ வேண்டும் என்று விரும்பினேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

"நீங்க யாருட மகள் எண்டு எனக்குத் தெரியும். உங்கட உம்மாக்கு நான் கடைசி வரைக்கும் செல்லல்ல. நீங்க ஒரு நாளைக்குக் கூட வச்சிக்க முடியாம வந்து செல்லிட்டீங்க. தரகு உங்களுக்குச் சரிவராது மகள்."

கடன் போக மிஞ்சியது கப்பல் கூலிக்குப் போதவில்லை. அவர் ஹஜ்ஜுக்குப் போகவில்லை. இரண்டு வருடத்தில் மகன் வீட்டிலேயே மௌத்தானார். மௌத்து வீட்டுக்கு நான் போகவில்லை. அதற்காக இன்றுவரை வருந்தியதும் இல்லை.

ஆனால் அவர் என்னைப் பற்றிச் சொன்னது பிழை. அந்தப் பணக்காரப் பெண்மணி மலிவாக வாங்கிய கதையை நாலு வீட்டில் சொன்னார். அதற்குப் பிறகு வீடு விற்கும் பெண்களும் வாங்கும் பெண்களும் என்னைத்தான் கூப்பிட்டார்கள், இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறேன். மற்றப் பக்கம் உண்மையில் என்ன விலை சொன்னார்கள் என்று அதன்பிறகு நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.