லிபெர்த்தாவில் மீன்பனி

மடு மாதாவின் சுரூபத்தைத் தூக்காமல் ஸ்ரனிஸ்லாஸ் பனிவண்டி ரேஸ் ஓடப் போய்விட்டான், வென்றும் விட்டான் என்று வியா மக்வேதா தெருவின் தமிழ்க் கடைகளில் ஒரு கதை. அதுவும் ஓகஸ்ட் பதினைந்தில், வெயில் கொளுத்தும் பலேர்மோவில். விசாரித்துப் பார்த்தால் சுரூபம் தூக்காததும் பனிவண்டியும் மட்டும் உண்மை.

அது பணக்காரத் தெருவான லிபெர்த்தாவில் அவன் வேலைசெய்யும் வீட்டுக் கராஜில் நிற்கிறது. முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் றப்பர்ப் பட்டி. சில்லு என்ற பேச்சே இல்லை. வீட்டுக்காரர் பல் டொக்டர். ஸ்கீ-டூ, பொலாரிஸ், லிங்ஸ், ஆர்ட்டிக் கெற் என்று கொம்பனிப் பேர்களைச் செபமாலைபோல உருட்டுவார். பனிமேடுகளில் வண்டிகள் எகிறிப் பறக்கும் ஸ்னோகிராஸ் போட்டிகளைப் போனில் பார்த்தபடியே சாப்பிடுவார். அவர் ஓடிய தூரமோ கராஜ் வாசல்வரைதான்.

இந்த வருட ஃபெராகொஸ்தோ, அதாவது ஓகஸ்ட் பதினைந்து விடுமுறை விருந்துக்கு முற்றத்தில் பனி வேண்டும் என்றார். துறைமுகத்து மீன்காரனிடமிருந்து ஒரு வான் ஐஸ் வந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அள்ளிப் பரப்பினான். செதில், கணவாய் மை, எந்த மீனுடையதென்று தெரியாத ஒரு கண். அள்ளுவதை இன்னும் வேகமாக்கினான். ஏனென்றால் பின்னேரம் சுரூபம் புறப்படும். வருடக்கணக்கில் காத்திருந்து, சுரூபத்தைத் தோளில் தூக்கும் முன்தண்டு அவனுக்கு முதல்தடவையாகக் கிடைத்திருந்தது. வண்டி ஆட்டம் முடிந்தால் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

வெயிலில் ஐஸ் கசியத் தொடங்கியது. உடனே அவனுக்குள் இருந்த, சொந்த ஊரான பேசாலையின் மீன்பிடிக்காரன் விழித்துக்கொண்டான். அப்பா மீன்பெட்டி ஐசுக்கு உப்புத் தூவுவாரே! குசினியிலிருந்த உப்பையெல்லாம் வாரி இறைத்தான். மூடிய பெட்டிக்குள் குளிரைக் கூட்டுகிற உப்பு, திறந்த முற்றத்தில் ஐஸைக் கஞ்சியாக்கிவிட்டது.

ஹெல்மெற்றும் வெள்ளை ரேஸ் உடுப்புமாக டொக்டர் ஏறி முறுக்கினார். பட்டி சுழன்று, மீன் கஞ்சியை விருந்தினரின் முகங்களில் அப்பியது. சீ என்று எழுந்து போவார்கள் என்று பார்த்தான். கைதட்டினார்கள்! ஒரு சீமாட்டி உதட்டை நக்கிவிட்டுப் படம் பிடித்தாள். குளிர்விக்கப் பனியில்லாத இயந்திரம் கருகி மணத்து நின்றது. கைதட்டலில் குளிர்ந்த டொக்டர் இன்னொரு வான் ஐசுக்கு ஆள் அனுப்பினார்.

மனைவி கிளறா போன் எடுத்தாள்.

"எங்கையப்பா நிக்கிறியள்? மாதா வெளிக்கிட்டா."

"ஐஸ் அள்ளுறன்."

"விசரே உங்களுக்கு? உங்கடை இடத்திலை அன்ரனி அண்ணை தோள் குடுத்திட்டார்."

"அவன்ரை தோள் ஒப்பரேசன் செய்ததெல்லோ!"

"அதைத்தான் நானும் கேக்கிறன்."

அவன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது சுரூபம் கோயிலுக்குள் போய்விட்டது. பக்கத்தில் நின்றவர்கள் லேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்கள். அன்ரனி தோளைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தான்.

"மச்சான், டொக்டற்றை பனிவண்டி ரேசிலை வெண்டிட்டியோ? கப் எங்கை?"

கதை எங்கே புறப்பட்டது என்று இப்போது தெரிந்திருக்கும்.

"அடுத்த வருசம் உன்ரை முறையிலை நான் தூக்கிறன்ரா."

"எனக்கு எங்கை முறை? இந்தத் தோளோடை இனி ஆர் என்னைக் கூப்பிடுறது? முதல்லை போய்க் குளி."

ஸ்ரனிஸ்லாஸ் குளித்துவிட்டான். அன்ரனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அந்த ஒரு தோளை எப்படிக் கொடுப்பதென்றுதான் இன்னும் தெரியவில்லை.