களிம்பேறிய கொப்பரை

காரைக்காலில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் ஞானமேரிதான் எங்கள் தெரு அன்பியத்துக்குத் தலைவி. வீடு வீடாகக் கூடி ஜெபிக்கும் இந்தச் சிறு குழு, பெரிய வியாழன் மாலையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் பங்குத்தந்தை பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் ஒருவரை அனுப்ப வேண்டும். இந்த ஆண்டு ஞானமேரி சொன்ன பெயர் நெல்சன்.

நெல்சன் போன வருடம் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, காரைக்கால்மேட்டு மீன் வியாபாரி செல்லையனின் காலை முறித்தவன். இப்போது குடிப்பதில்லை.

பெயர் சொன்ன அன்று ஜெபக் கூட்டத்தில் படித்த வாசகம், எசேக்கியேல் இறைவாக்கினர் சொன்ன கொப்பரை உவமை. உள்ளே இருந்ததெல்லாம் வெந்து தீர்ந்தும், காலியாகத் தணலில் வைத்தும் களிம்பு போகாத செப்புக் கொப்பரை. பாவத்தில் ஊறிய எருசலேமுக்குக் கடவுளின் தீர்ப்பு. மளிகைக்கடை அடைக்கலராஜ் அதைப் பிடித்துக்கொண்டார்.

“நெருப்புல வச்சும் களிம்பு போகலைன்னு வேதமே சொல்லுது. அப்புறம் இவன் எதுக்கு?”

“தூக்கிப் போடுற பாத்திரத்துக்கு யாருண்ணே விறகு செலவழிப்பா? காலிக் கொப்பரையத் தணல்ல வைன்னு ஆண்டவரு சொல்றாருன்னா, அவருக்கு அது வேணும்” என்றார் ஞானமேரி.

“ஒனக்கு எல்லாமே அடுப்புதான்.”

“ஆமாண்ணே, ஒங்க கடைப் பருப்பையே வேகவச்சவளாச்சே!”

எல்லாரும் சிரித்தார்கள். நெல்சனும் நிம்மதியாகச் சிரித்தான். ஞானமேரி அவன் பக்கம் திரும்பினார்.

“நீ என்ன சிரிக்கிற? செல்லையனைப் போயிப் பாத்தியா?”

“கேஸு நடக்குதுக்கா. வக்கீலு போக வேணாம்னாரு.”

“அடுப்புல ஏறாமலே பளபளன்னு வந்து ஒக்காரப் போறியா? போயிப் பாரு. இல்ல, ஒம் பேரை நானே அடிச்சிருவேன்.”

மறுநாளே நெல்சன் போனான். செல்லையனின் மனைவி தெருவுக்கே கேட்கும்படி திட்டினார். அவர் திட்டி முடிக்கும்வரை வெயிலில் நின்றான். பிறகு செல்லையன், “கூடை தூக்க ஆளில்ல” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஏலத்தில் எடுத்த மீனை அவருக்காகச் சுமந்தான். மீன் வாங்கப் போகும் ஞானமேரி அதைப் பார்ப்பார். பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பாதம் கழுவ உட்காருகிறவர்கள் வீட்டிலேயே காலைத் தேய்த்துக் கழுவி, பவுடரும் போட்டுக்கொண்டு வருவது எங்கள் ஊர் வழக்கம். பெரிய வியாழனன்று படகுகள் தாமதமாகக் கரை சேர்ந்தன. பாட்டு தொடங்கியும் நெல்சனைக் காணோம். அந்த இடத்தில் தானே உட்கார அடைக்கலராஜ் பேண்டைச் சுருட்டத் தொடங்கிவிட்டார். ஞானமேரி காலி நாற்காலியைப் பிடித்தபடி, “ஆளு வருதுண்ணே” என்றார்.

நெல்சன் ஓடி வந்து உட்கார்ந்தான். காலெல்லாம் சேறு, மீன் செதில். பங்குத்தந்தை நீர் ஊற்றியதும் தாம்பாளத்துத் தண்ணீர் கலங்கிப்போனது.

“சோப்பு வேணும் போலிருக்கே” என்று முணுமுணுத்தார் அடைக்கலராஜ்.

ஞானமேரி கோயில் பணியாளரைப் பார்த்துச் சொன்னார்: “இன்னொரு கொடம் தண்ணி கொண்டாங்க.”