யோகேஸ்வரி மிஸ் போட்ட பாதை

செவ்வாய்க்கிழமை காலை லொறியில் கல் ஏற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து யோகேஸ்வரி மிஸ்ஸின் தம்பி பேசினார். “அக்கா விடியப்புறம் மோசம் போயிட்டா” என்றார். நித்திரையிலேயே இருதயம் நின்றுவிட்டதாம். நான் அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நுவரெலியாவில் எங்கள் அலுவலகத்துப் பொறியியலாளராக இருந்தவர். நான் அவரிடம் வேலை மேற்பார்வையாளன். ஒல்லியான உடம்பு, முன்கோபம், யாருக்கும் பயப்படாத வாய்.

லிந்துலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு முதன்முதலாக அவர் வந்த அன்று பேய்மழை. மேட்டு லயத்து வீட்டு வரிசையிலிருந்து பணிய லயத்துக்கு இறங்கும் கொங்கிரீட் பாதையில் மலைத்தண்ணீர் முழுவதும் திரண்டு பாய்ந்து, கீழே வீட்டுக் கதவுகளை மோதி உடைத்தது. கோழிகள் சுவரில் அடிபட்டுச் செத்தன. உருண்டு வந்த விறகுக்கட்டை மிஸ்ஸின் முழங்காலைக் கிழித்தது. இரத்தத்தைத் துடைக்காமலே, “இந்தத் தண்ணி ஒருநாள் ஆளைக் கொல்லும். பாதையை உடையுங்கோ” என்றார்.

தோட்டத்துச் சனம் கேட்டுக் கேட்டு வாங்கிய பாதையை உடைக்க யார்தான் விடுவார்கள்? கல்லெறி விழுந்தது. மிஸ் நெற்றியைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்று வேலை வாங்கினார். பெரிய கற்களை ஆழமாகப் பரப்பி, அதன்மேல் இடைவெளி விட்டுக் கல் பதித்து, அந்த இடைவெளியில் சீமெந்து போடாமல் பொடிச் சல்லி நிரப்பினோம். மழை அதன் வழியே அடியில் இறங்கித் தங்கும். மலை ஊறிச் சரிந்துவிடாமல், துளை போட்ட குழாய் அதை மெதுவாக ஓடையில் விடும். இரண்டு மழைக்காலம் பணிய லயத்துக்குள் ஒரு சொட்டும் புகவில்லை.

பிறகு மாரியம்மன் திருவிழா வந்தது. காவடி எடுப்பவர்கள் வெறுங்காலோடு அந்தப் பாதையில்தான் இறங்க வேண்டும். சல்லி குத்தும் என்று, களிமண்ணால் இடைவெளிகளை அடைத்துச் சாணி மெழுகலாம் என்றது கோயில் கமிட்டி. மிஸ்ஸிடம் கேட்டுச் சொல்லும்படி என்னை அனுப்பினார்கள். கேட்டால் திட்டுவார் என்று நான் கேட்கவே இல்லை. “மிஸ் சரின்னுட்டாங்க” என்று வந்து சொல்லிவிட்டேன்.

திருவிழாவுக்கு மறுநாள் பட்டப்பகலில் மழை பிடித்தது. மெழுகிய பாதையில் தண்ணீர் மறுபடியும் திரண்டு இறங்கி பணிய லயத்து மாரியாயி அக்காவின் வீட்டுச் சுவரை இடித்துத் தள்ளியது. அவர் உள்ளே இருந்தார். உயிரோடு எடுக்க முடியவில்லை.

தகவல் கேட்டு ஓடிவந்த மிஸ், வெள்ளத்தில் நின்று கனத்த இரும்பு அலவாங்கால் களிமண்ணைக் குத்திப் பெயர்த்தார். “ஆர் இதை மூடச் சொன்னது?” என்று கத்தினார். தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்ற மாரியாயியின் மகன் முத்துராஜ், “நீங்கதானே மிஸ் சரின்னீங்க?” என்றான். மிஸ் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஓம். நான்தான் சொன்னது” என்றார் மிஸ்.

அடித்தார்கள். அதே அலவாங்கைப் பிடுங்கி அடித்தார்கள். அவருடைய கை முறிந்த சத்தம் மழையிலும் எனக்குக் கேட்டது. பொலிஸ் வந்து மீட்டது.

ஆஸ்பத்திரியில் நான் அழுதபோது அவர் ஆறுதல் சொல்லவில்லை. “அந்த நேரம் உம்மட பேரைச் சொல்லியிருந்தா வெட்டியிருப்பாங்கள். உமக்கு மூண்டு பிள்ளையள். போய்ப் பாதையைத் திருத்தும். வெறுங்கால் நடக்கிற இடமெண்டு நானும் யோசிக்கேல்லை” என்றார். விசாரணையிலும் அதையே சொல்லி, இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். தட்டையான கற்களைக் கால் குத்தாதபடி நெருக்கி, தண்ணீர் இறங்க மெல்லிய இடைவெளி மட்டும் விட்டுப் பதித்துப் பாதையை நான் திருத்தினேன். ஊர் எனக்கு மாலை போட்டது. கோழை நான், கழுத்தை நீட்டினேன்.

நேற்று மிஸ் காலமான செய்தியைச் சொன்னபோது முத்துராஜ் காறித் துப்பினான். “எங்கம்மாவைக் கொன்னவ. நல்லதாப் போச்சு” என்றான்.

மிஸ், நீங்கள் காப்பாற்றிய பிள்ளைகள் மூவரும் வளர்ந்துவிட்டார்கள். இனி உங்களுக்கு அந்தச் சுமை வேண்டாம், போய் வாருங்கள். இதை எழுதி முடித்ததும் கையில் எடுத்துக்கொண்டு முத்துராஜின் வீட்டுக்கு இறங்கிப் போகிறேன். அவன் இதை வாசித்து முடிக்கும் வரை எதிரிலேயே நிற்பேன்.