சிவப்புத் துணி கட்டிய வரிசை

நாற்றுத் தட்டுகளை வண்டியில் ஏற்றிவிட்ட மறுவாரம்தான் அதைக் கண்டேன். குச்சி வெட்டிய ஒரு மரவள்ளித் தாய்ச்செடியின் அடிக்கட்டையில் புதுத் துளிர். இலையில் மஞ்சள் திட்டு, ஓரம் சுருங்கியிருந்தது. தேமல் நோய்.

தேமல் வந்த செடியின் குச்சியை நட்டால் அதிலும் தேமல் வரும். வெள்ளை ஈ பக்கத்துச் செடிக்கும் கொண்டுபோகும். அதனால்தான் புதூர்நாட்டில் நிழல்வலைக்குள் நோயில்லாத நாற்று வளர்க்கிறேன். ஏற்றும் காலையில் ஒவ்வொரு தட்டிலும் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அன்று என் மகளுக்குக் காய்ச்சல். முந்தின நாள் பார்த்ததே போதும் என்று விட்டுவிட்டேன்.

அந்தத் தாய்ச்செடியின் குச்சியில் வளர்ந்த தட்டு போனது சின்னப்பொண்ணு அக்காவுக்கு. போன வருடம் தேமலால் அவர் காட்டில் கிழங்கு விரல் தடிமன்கூட வரவில்லை. என் பேச்சை நம்பித்தான் பழைய குச்சிகளை எரித்தார். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது, மறைக்காமல் எழுதுகிறேன்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் ஊருக்கு ஜீப் ஏறினேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை. அக்காவைக் கண்டதும் எல்லாம் மறந்துபோனது.

"அக்கா, தப்பு பண்ணிட்டேன். ஒரு தட்டு நாத்துல தேமல் இருக்கும்போல. எந்தத் தட்டுன்னா..."

"இன்னா கலரு?"

ஒவ்வொரு தாய்ச்செடிக்கும், அதன் நாற்றுத் தட்டுக்கும் ஒரே நிறத் துணி கட்டுவேன். எல்லாம் மகளின் பழைய சட்டைகளைக் கிழித்தவை. நட்டதும் தூக்கி எறிந்திருப்பார் என்றே நினைத்திருந்தேன்.

"செவப்புக்கா."

அவர் கை காட்டினார். வரிசைக்கு வரிசை தலைப்பில் ஒரு குச்சி, அதில் என் துணி.

"சாமை விதையவே ஒண்ணோட ஒண்ணு கலக்க மாட்டோம். இத கலப்போமா? அதுல ரெண்டு செடி எனக்கும் சந்தேகந்தான். கேட்டா நீ அழுதுடுவன்னு உட்டுட்டேன்."

சிவப்பு வரிசையை இருவருமாகப் பிடுங்கி எரித்தோம். மற்ற வரிசைகளில் இலை இலையாகப் பார்த்தேன், சுத்தமாக இருந்தன.

"வேற தட்டு எப்ப தர்ற?" என்று கேட்டார். நான் எதிர்பார்க்காத கேள்வி. உள்ளே போய், பழைய பச்சைப் புடவையில் ஒரு முழம் கிழித்துவந்து என் கையில் வைத்தார்.

"அதுக்கு இத கட்டு. புள்ள சட்டைய உடு, போட்டுக்கட்டும்."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: இலை பார்க்க முடியாத காலையில் வண்டியை மறுநாள் வரச் சொல்லுங்கள். அன்று அதைச் சொல்லக் கூச்சப்பட்டேன். இப்போது சொல்கிறேன், யாரும் கோபித்ததில்லை.