மகன் அறையில் நான்கு வாத்துகள்

வாத்து வளர்க்க வேண்டும் என்று நான் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. நாமக்கல் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இறக்கை முளைத்த எதைப் பார்த்தாலும் அலுப்புத்தான் வரும். திரும்பிய பக்கமெல்லாம் கோழிப்பண்ணை. காற்று கொஞ்சம் திசை மாறினால் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் அதன் வாசனை.

பரமத்தி வேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அறுப்பு முடிந்த வயலில் மேய்ந்த ஒரு வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. காரை நிறுத்தினேன். என் மனைவி பட்டுப்புடவையோடு இறங்கி, மேய்ப்பவரிடம் ஏதோ பேசினாள். திரும்பி வந்தபோது தேங்காயும் வெற்றிலையும் அவள் கையில் இருந்தன. தாம்பூலப் பைக்குள் நான்கு குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன.

"எதுக்கு புள்ள இது?"

"சும்மாதானுங்க. பாக்க நல்லாருக்குதில்ல?"

அவள் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். காரணமில்லாமல் எதையும் செய்யமாட்டாள் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

புதுச்சத்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று போட்டோம். குஞ்சுகள் வளர்ந்து மூன்று பெட்டையும் ஒரு ஆணும் ஆயின. என் டயர் ரீட்ரேடிங் பட்டறையிலிருந்து பழைய லாரி டயர் ஒன்றைக் கொண்டுவந்து, தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் ஊற்றிக் குளமாக்கிக் கொடுத்தேன். அதில் அவை குளித்ததைவிட என்னைக் குளிப்பாட்டியதுதான் அதிகம்.

சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று அடித்தது. பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் பெரிய கிளை முறிந்து கொட்டகை மேல் விழுந்தது. தகரம் அப்பளம்போல நொறுங்கிக் கிடக்க, அதன் பக்கத்தில் நான்கு வாத்துகளும் கொட்டும் மழையில் கழுத்தை நீட்டி ஆனந்தமாக நின்றன. கொட்டகை போனதில் அவற்றுக்குத் துளிகூட வருத்தமில்லை. வருத்தமெல்லாம் எனக்குத்தான். காம்பவுண்டுச் சுவரும் ஓரிடத்தில் சரிந்திருந்தது. தெருநாய்கள் இரண்டு அந்த இடைவெளியில் நின்று, பந்திக்கு இலை போடுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தன.

வெல்டிங் பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். அந்தக் காற்றில் பாதிப் பண்ணைகளின் கூரை பறந்திருந்தது. "ஒரு வாரம் பொறுங்ணா. இரும்புக் கூண்டாவே அடிச்சுக் குடுத்தர்றேன்" என்றார்.

ஆக, வாத்துகள் வீட்டுக்குள் வந்தன. மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் அவன் அறை காலியாகத்தான் இருந்தது. துணி காயப்போட மட்டும் பயன்பட்ட ஒரு டிரெட்மில்லையும் கட்டிலையும் சுவரோரம் நிமிர்த்திவைத்தோம். முதலில் செய்தித்தாள் விரித்தோம். வழவழப்பான டைல்ஸில் தாளும் வாத்தும் சேர்ந்து வழுக்கின. நான்கும் கால் பரப்பி உட்கார்ந்துகொண்டு எங்களை முறைத்தன. அப்புறம் சாக்கு. அது ஒரே ராத்திரியில் ஊறி நாறியது. கடைசியில் பட்டறையிலிருந்து தடித்த ரப்பர் ஷீட் கொண்டுவந்து தரை முழுக்க விரித்து, மேலே நெல் உமியை ஒரு சாண் கனத்துக்குப் பரப்பினேன். கால் பிடித்தது. வாத்துகள் நடந்தன. அறையைச் சுற்றிப் பார்த்தன. உடனே அதை அசிங்கப்படுத்தவும் தொடங்கின.

தண்ணீர்தான் பெரிய பாடு. அலகு முழுக்க முங்கினால்தான் வாத்துக்குத் திருப்தி. அகலப் பாத்திரம் வைத்தால் நான்கும் உள்ளே இறங்கிக் குளித்தன. என் மனைவி பழைய எண்ணெய் கேன் ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் வாத்தின் தலை மட்டும் நுழையும் அளவுக்குத் துளை போட்டாள். அதன் அடியில் ஒரு தட்டும் வைத்தாள். இனி ஒரு சொட்டும் வெளியே வராது என்றாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. வாத்துகள் கணக்குப் படித்திருக்கவில்லை. குடித்த பிறகு தலையை உதறினால் தண்ணீர் கதவைத் தாண்டிக் கூடம் வரைக்கும் தெறித்தது.

வீடியோ காலில் மகன் இதைப் பார்த்துவிட்டான்.

"ஏப்பா, அது என்ற ரூமுங்ப்பா!"

"இருந்துச்சு சாமி" என்றேன்.

இப்போது என் மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணன். பெரிய முட்டைக்கோழிப் பண்ணைக்காரர். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில். ஞாயிறு தவறாமல் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். சோபாவின் நடுவில் உட்கார்ந்து ரிமோட்டைத் தொடை மேல் வைத்துக்கொள்வார். என் பட்டறையை நான் எப்படி நடத்த வேண்டும், என் மகன் யாரைக் கட்ட வேண்டும், எங்கள் வீட்டு ரசத்தில் மிளகு எவ்வளவு போட வேண்டும் என்று இருட்டும் வரை சொல்லிக்கொண்டிருப்பார். வாத்துகள் கொட்டகையில் இருந்தவரை வீட்டின் பின்பக்கம் எட்டிப் பார்க்காமல் சமாளித்தார்.

வாத்துகள் உள்ளே குடிவந்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர் கேட்டைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். அறையிலிருந்து குவாக் குவாக் என்று சத்தம் வந்தது. கால் அப்படியே நின்றது.

"என்ன மாப்ளே சத்தம்?"

"வாத்துங்க மச்சான். காத்துல கொட்டகை போயிருச்சு. அதான் உள்ளார உட்டிருக்கறோம்."

"ஊட்டுக்குள்ளயா!" வைத்த காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். "வாத்து நோவு கோழிக்குத் தொத்துச்சுன்னா என்ற பண்ணை என்னத்துக்காவறது? பண்ணைக்குள்ள ஒரு காக்கா உக்கார உடறதில்ல நானு. அது வெளிய போற வரைக்கும் உங்கூட்டு வாசப்படி மிதிக்கமாட்டனாக்கும்."

கேட்டுக்கு வெளியே நின்றபடி கொஞ்ச நேரம் அறிவுரை சொன்னார். வெயில் ஏறியது. "வாரேன் அம்மிணி" என்று தங்கைக்குக் குரல் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அன்றைய ஞாயிறு எங்களுக்கே எங்களுக்காக இருந்தது. ரிமோட் என் கையில். மிளகு அவள் இஷ்டத்துக்கு. சாப்பிட்டுவிட்டு இருவரும் தூங்கினோம். கல்யாணமானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் தூங்கியதாக எனக்கு நினைவில்லை.

வாரம் கடந்தது. அடுத்த ஞாயிறும் அப்படியே இன்பமாகப் போனது. வெல்டிங்காரர் மட்டும் வரவில்லை. அறையின் வாசனை கூடத்துக்கும், கூடத்திலிருந்து என் சட்டைக்கும் ஏறியது. பட்டறையில் லாரி டிரைவர்களே என்னிடமிருந்து தள்ளி நின்று பேச ஆரம்பித்தார்கள். பொறுக்கமாட்டாமல் வெல்டிங்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

"என்னையத் திட்டாதீங்ணா" என்றார் அவர். "கூண்டு அடிச்சு எப்பவோ ரெடி. அக்காதானுங்க போன் பண்ணி, அவசரமில்ல, சித்தெ நாள் கழிச்சுக் கொண்டாந்தாப் போதும்னு சொல்லிச்சு."

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கூண்டு இப்ப வேண்டாம்னு சொன்னியாமா?"

தலையை நிமிர்த்தாமல், "ரெண்டு ஞாயித்துக்கெழமை தூங்குனீங்களா இல்லீங்களா?" என்றாள்.

அன்று அவளை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொன்னால், இந்த வயசில் சிரிப்பார்கள்.

ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. ஒருநாள் காலையில் வாத்துகள் உதறிய தண்ணீரில் கால் வைத்து, கூடத்தில் தடாலென்று விழுந்தாள். கணுக்கால் பூசணிக்காய்போல வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, நரம்புதான் பிசகியிருக்கிறது என்று டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்து அவளைச் சோபாவில் படுக்கவைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. செய்தி எப்படியோ மச்சான் காதுக்குப் போய்விட்டது. தெருவில் கார் கதவு அறையும் சத்தம். கேட் திறந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். அறையின் கதவு திறந்திருந்தது. ஆண் வாத்து வெளியே வந்து அவர் வேட்டியைக் கொத்தியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏஞ்சாமி, எங்க அடிபட்டுச்சு?" என்று தங்கையின் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. "அம்மா அப்பன் போன பொறவு எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்திதான அம்மிணி."

அவள் அழுதுவிட்டாள். வலியால் அழுகிறாள் என்று அவர் நினைத்தார். எனக்குக் காரணம் தெரியும். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காபி குடித்த பிறகுதான் அவருக்குப் பண்ணை நினைவு வந்தது. வேட்டியைப் பார்த்தார். அதில் வாத்துக் கழிவு நன்றாகவே படிந்திருந்தது.

"மோசம் போச்சு மாப்ளே. இனி மூணு நாலு நாளைக்கு நான் பண்ணைப் பக்கம் போவக்கூடாது. ஊடும் பண்ணைக்குள்ளயே இருக்குது. அங்கயும் போவ முடியாது."

"அப்ப எங்கீங்க மச்சான் தங்குவீங்க?" என்று கேட்டேன். பதில் தெரிந்துதான் கேட்டேன்.

அவர் என் லுங்கியைக் கட்டிக்கொண்டார். இரண்டு ஞாயிறு நாங்கள் மிச்சம் பிடித்ததையெல்லாம் வட்டியோடு வசூலித்தார். மறுநாள் காலை அந்த அறைக்குள் நுழைந்து, "இதென்றா கூத்து? காத்தோட்டம் எங்க? உமியக் கிளறி உட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். வாத்துகளோடேயே இருந்தால் அந்த மூணு நாலு நாள் கணக்கு எப்படிச் செல்லும் என்று நான் கேட்கவில்லை. என்னை உமி அள்ளவைத்தார். அடியில் சுண்ணாம்புத் தூள் தூவவைத்தார். ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்துத் திறந்துவைத்தார். தண்ணீர் கேனைக் குளியலறைக்குள் நகர்த்தி, குடிப்பதெல்லாம் அங்கேதான் என்று வாத்துகளுக்குச் சட்டம் போட்டார். ஆச்சரியம், அவை கேட்டன. சாயங்காலத்துக்குள் அறையில் நாற்றம் பாதியாகக் குறைந்தது. அவர் பேச்சுதான் குறையவில்லை.

ஒன்றைக் கவனித்தேன். அவர் அடிக்கடி போனை எடுத்துப் பார்த்தார். பண்ணையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. பொறுக்காமல் அவரே மேனேஜரைக் கூப்பிட்டார். "எல்லாம் நல்லாப் போவுதுங்க. நீங்க பதனமா இருந்துட்டு மெதுவா வாங்க" என்று பதில் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாயங்காலம் வரை எனக்கு அறிவுரையே சொல்லவில்லை. எனக்கே சங்கடமாகிவிட்டது. பட்டறைக் கம்ப்ரசரைப் பற்றி ஒரு சந்தேகம் இருப்பதாக நானே கேட்டுவைத்தேன். ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் விளக்கினார்.

கடைசி நாள் காலையில் உமிக்குள் இரண்டு முட்டை கிடந்தன. ஆம்லெட் போட்டேன். மச்சான் வாழ்நாள் முழுக்க முட்டை விற்றவர், வாத்து முட்டையைத் தொட்டதில்லை. என் தட்டிலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார். அப்புறம் தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். "வெளிய சொல்லிப்போடாதீங்க. எங்க சங்கத்துல மூஞ்சி காட்ட முடியாது."

அன்று மதியம் வெல்டிங்காரர் கூண்டைக் கொண்டுவந்து இறக்கினார். சுவரும் கட்டியாகிவிட்டது. வாத்துகளை வெளியே விட்டதும், வீட்டுக்குள் இருந்த நினைவே இல்லாமல் டயர்க் குளத்தில் இறங்கின. மச்சான் குளித்து, துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். தங்கையின் தலையைத் தடவி, "காலப் பாத்துக்கோ சாமி. ஞாயித்துக்கெழமை வாரேன்" என்றார்.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் நொண்டி நொண்டி வந்தாள். கார் திரும்பி மறையும் வரை கையாட்டினாள். கண்ணீர் தாரைதாரையாகக் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டே, "கேட்டச் சாத்துங்க. சித்தெ தூங்கோணும்" என்றாள்.